சனிக்கிழமை சவுனாவும் நான் மயங்கி விழுந்த கதையும்

நான் மயங்கி விழுந்தது சவுனா என்கிற பின்லாந்துச் சூட்டறைக் குளியலுக்குள் இல்லை. வெளியே வந்து, ஷவரில் நின்று, துண்டால் துடைத்துக்கொண்டு, சரி கிளம்பலாம் என்று சாக்ஸ் போடக் குனிந்து நிமிர்ந்தேன், அதுவரைதான் ஞாபகம். கண் திறந்தபோது கன்னத்தில் தரை ஓட்டின் குளிர்ச்சி. எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், இடுப்பில் ஒரு துண்டோடு தரையில் உட்கார்ந்து என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் பதற்றமே இல்லை. "சாப்பிட்டாயா?" என்றுதான் முதலில் கேட்டார்.

சாப்பிடவில்லை. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. காலையில் ஒரு காபி குடித்ததோடு விரதம். பின்லாந்துக்கு வந்த பிறகும் அம்மாவுக்காக விடாமல் வைத்திருந்த ஒரே பழக்கம் அது. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடியிருப்பு சவுனாவில் ஆண்களின் பொது முறை. விரதத்தையும் சவுனாவையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவன்தானே, அதுவும் ஒரு குளியல் என்ற நினைப்பு.

நான் இருப்பது தாம்பெரே. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருக்கிற ஊர், 2018-இல் தன்னை உலகத்தின் சவுனாத் தலைநகரம் என்று அறிவித்துக்கொண்டது. அந்தப் பெருமைக்கு ஆதாரமாக இங்கே எல்லோரும் காட்டுவது பிஸ்பலா பகுதியில் இருக்கும் ரயபோர்த்தி சவுனாவை. 1906-இல் தொடங்கியது, இன்னும் விறகில்தான் சூடாகிறது, நாட்டில் இன்றுவரை இயங்கும் பொதுச் சவுனாக்களில் அதுதான் மூத்தது. 55 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சவுனாக்கள். 2020-இல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாடகைக் குடியிருப்பு என்றால்கூடக் கீழ்த்தளத்தில் ஒன்று இருக்கும், வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று பணம் கட்டி முறை எடுத்துக்கொள்ளலாம். சிக்கனக்காரன் நான், பொது முறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் தயக்கம் வேறென்ன, துணி இல்லாமல் உட்கார்வதுதான். ஆண்கள் தனி, பெண்கள் தனி, யாரும் யாரையும் பார்ப்பதில்லை, மூன்றாவது வாரம் எனக்கும் மறந்துவிட்டது. அடியில் போட்டுக்கொள்ள ஒரு சிறு துணி, உள்ளே போகுமுன் சோப்புப் போட்டு ஒரு குளியல், அப்புறம் மர மேடை. மேடை படிப்படியாக இருக்கும், மேலே போகப் போகச் சூடு கூடும். மூலையில் கல் நிரப்பிய அடுப்பு, அதற்குப் பெயர் கியுவாஸ். கல்மேல் அகப்பையால் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று எழும்பி வந்து தோளையும் காதையும் கவ்வும் ஆவிக்கு லோய்லு என்று பெயர். சுவரில் வெப்பமானி 80 காட்டும். 80 டிகிரியில் மனிதன் எப்படி உட்கார முடியும் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். காற்று வறண்டிருப்பதால் முடிகிறது. வறண்ட காற்று சூட்டை மெதுவாகத்தான் உடம்புக்குக் கடத்தும், வியர்வையும் உடனுக்குடன் காய்ந்து தோலைக் குளிரவைக்கும். அதே 80 டிகிரியில் தண்ணீர் இருந்தால் கையை வைத்த நொடியில் வெந்துபோகும். நம் ஊர் ஜிம்களில் இருக்கிற ஸ்டீம் அறை 45 டிகிரியிலேயே மூச்சு முட்டவைப்பதும் இதனால்தான். அங்கே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய வழியில்லை.

சுவரில் வெப்பமானிக்குப் பக்கத்தில் மணல் கடிகாரம் ஒன்றும் தொங்கும், பதினைந்து நிமிடம் ஓடும். என் தலையெழுத்து அதில்தான் இருந்தது. அலுவலகத்தில் யாரோ, இந்தியர்கள் வெயிலில் பிறந்தவர்கள், உனக்கென்ன, முழுதாக உட்காரலாமே என்று சொல்லிவிட்டார். அதை நான் சவாலாக எடுத்துக்கொண்டு, மேல் படியில், மணல் முழுவதும் இறங்கும்வரை அசையாமல் உட்கார்ந்து, ஒரு ஷவர், மறுபடி கடிகாரத்தைத் திருப்பி இன்னொரு பதினைந்து, அப்புறம் மூன்றாவது சுற்று என்று பல மாதம் பயிற்சி செய்தேன். பெரியவரோ எட்டு நிமிடம் உட்காருவார், சில நாள் நாலே நிமிடத்தில் எழுந்து போய்விடுவார், வெளியே பால்கனியில் ஆவி பறக்க உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மயக்கம் ஏன் வந்தது என்பதை அப்புறம் சுகாதார நிலையத்தில் பொறுமையாக விளக்கினார்கள். சூட்டில் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்கின்றன, உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும், நிமிடத்துக்கு 100, 120, சிலருக்கு 150 வரை. ஒரு வேகநடைக்கு உண்டான வேலை அது. இன்னொரு பக்கம் அரை லிட்டர் அளவுக்கு வியர்வையாகப் போய்விடுகிறது. உட்கார்ந்திருக்கும்வரை சமாளித்துவிடும். எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்குகிறது, குழாய்கள் இன்னும் விரிந்தே இருப்பதால் மூளைக்குப் போகிற அழுத்தம் சட்டென்று குறைகிறது. நான் அதற்கு மேலே காலிவயிறும் காபியும் முப்பத்தைந்து நிமிடப் பிடிவாதமும் சேர்த்திருந்தேன். அடிபடாமல் தப்பித்தது மரப் பெஞ்சு கொஞ்சம் ஓரமாக இருந்ததால்தான், தலை அதன் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார் என்று சொல்ல முடியாது, பின்லாந்துக்காரர்கள் பாடம் எடுக்க மாட்டார்கள். மணல் கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "முட்டை வேகவைக்க நல்லது, வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார். அப்புறம் வெகுநேரம் கழித்து ஒன்று கேட்டார்: "நீ எப்போது இறங்கவேண்டும் என்று உனக்குத் தெரியாதா?" கேலி இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். சின்ன வயதிலிருந்து போகிறவர்களுக்கு அது பசி, தூக்கம் மாதிரி தானாகத் தெரிகிறது. எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. காது மடல் எரிவது, நெஞ்சில் இதயத் துடிப்பு தனியாகக் கேட்பது, வாய் வறள்வது, எதையாவது யோசித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிடம் எண்ண ஆரம்பிப்பது. எனக்கு முதலில் வருவது கடைசியாகச் சொன்னதுதான். எண்ண ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறேன்.

அந்த மயக்கத்துக்குப் பிறகு, இது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். யாரைக் கேட்டாலும் குவோபியோ ஆய்வைத்தான் சொல்வார்கள். கிழக்குப் பின்லாந்தில் 42 முதல் 60 வயது வரை உள்ள 2,315 ஆண்களை எண்பதுகளில் பதிவு செய்து இருபது வருடம் தொடர்ந்தார்கள். யாரி லௌக்கனென் குழு 2015-இல் முடிவை வெளியிட்டது. வாரம் ஒருமுறை சவுனா போன 601 பேரில் 61 பேர் திடீர் இதய மரணம் அடைந்திருந்தார்கள், நாலு முதல் ஏழு முறை போன 201 பேரில் 10 பேர். அதாவது நூற்றுக்குப் பத்து, நூற்றுக்கு ஐந்து. வயது, புகை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தால் 63 சதவீதம் குறைவு என்று வந்தது. அதே குழு பின்னாளில் ரத்தக் கொதிப்பு, பக்கவாதம், மறதி நோய் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு எல்லாவற்றிலும் அடிக்கடி போகிறவர்களுக்கு அபாயம் குறைவு என்று காட்டியது.

வாட்சப்பில் "சவுனா போனால் மாரடைப்பு வராது" என்று சுற்றுவதற்கு வேர் இதுதான். நான் அந்தக் கட்டுரையைப் படித்தபோது என் கண் போனது அந்த 201-இல். சின்னக் கூட்டம். தவிர, ஒப்பிட்டது சவுனாவே போகாதவர்களோடு இல்லை, வாரம் ஒருமுறை போகிறவர்களோடு. நோய்ப்பட்டவன் தினமும் சவுனா போக மாட்டான், நல்ல உடம்பும் ஓய்வு நேரமும் உள்ளவன்தான் போவான், எது காரணம் எது விளைவு என்று இந்த மாதிரி ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் கணக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. 100 பேரை 73 டிகிரியில் அரை மணி உட்காரவைத்து முன்னும் பின்னும் அளந்ததில் ரத்த அழுத்தம் சராசரியாக 137/82-இலிருந்து 130/75-க்கு இறங்கியது, குழாய்களின் விறைப்பும் குறைந்தது. உடம்பில் ஏதோ நல்லது நடக்கிறது என்பது உண்மை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், தூக்கம். குளிர்காலத்தில் இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடும், முதல் இரண்டு வருடம் ராத்திரி ஒரு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சவுனா நாளில் மட்டும் பத்து மணிக்குக் கண் சொக்கும். காரணம் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: சூடு ஏறியதால் தூக்கம் வருவதில்லை, ஏறிய சூடு இறங்குவதால் வருகிறது. விரிந்த தோல்வழியாக உடம்பு தன் உள்சூட்டை இழக்கிறது, அந்த இறக்கம் மூளைக்குத் தூங்கும் நேரம் என்கிற சைகை. அதனால் படுக்கப்போகும் நிமிடத்தில் போய் வந்தால் பலிக்காது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதற்குச் சவுனாகூடத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. வெந்நீர்க் குளியல் பற்றிய பல ஆய்வுகளை 2019-இல் டெக்சஸில் தொகுத்துப் பார்த்தார்கள். 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், பத்து நிமிடம் குளித்தாலே பத்து நிமிடம் சீக்கிரம் தூக்கம் வருகிறதாம். வாளியில் விளாவிக் குளிக்கிற நம் வீட்டுக் குளியலுக்கும் இது ஓரளவு பொருந்தும் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது, ஊருக்கு வரும்போது செய்து பார்த்திருக்கிறேன்.

கிடைக்காதது எடை குறைப்பு. போவதற்கு முன்னும் வந்த பின்னும் எடை பார்த்தேன், 600 கிராம் இறங்கியிருந்தது, இரண்டு தம்ளர் மோர் குடித்ததும் பாதி திரும்பிவிட்டது. நச்சு வியர்வையில் வெளியேறும் என்கிறார்களே, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். மோர் என்றேன், இங்கே கடையில் பீமா என்று ஒரு புளித்த பால் விற்கிறார்கள், அதில் தண்ணீர் விட்டு உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டால் அசல் நீர்மோர். பெரியவருக்கு ஒருமுறை கொடுத்தேன், பீமாவில் இஞ்சியா என்று முகத்தைச் சுளித்துவிட்டு முழு டம்ளரையும் குடித்தார்.

அம்மா போனில், "உடம்பு சூடு பிடிச்சுக்கும்டா, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டுப் போ" என்பார். ஒரே ஒருமுறை கேட்டேன். நல்லெண்ணெய் மர மேடையில் சொட்டி வட்டமாகக் கறை, அடுத்த வாரம் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது, பெயர் போடாமல். சாயங்காலம் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

2023 கோடையில் அப்பா வந்தார். 68 வயது, ரத்தக் கொதிப்புக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் போக வைக்கிற மாத்திரை, சர்க்கரைக்கு ராத்திரி இன்சுலின். வந்த மூன்றாம் நாளே, "நீ விழுந்த எடத்த நான் பாக்கணும்பா" என்றார். கூட்டிப்போகலாமா என்று எனக்குப் பெரிய குழப்பம். சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டேன். சமீபத்தில் மாரடைப்பு, அடிக்கடி வரும் நெஞ்சுவலி, இதய வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது இவை இருந்தால் கூடவே கூடாது, அழுத்தம் மருந்தில் கட்டுப்பட்டு நிலையாக இருந்தால் கீழ் படியில் கொஞ்ச நேரம் பரவாயில்லை என்றார். நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார்: இன்சுலின் எப்போது போடுகிறார்? சூட்டில் தோலடி ரத்த ஓட்டம் கூடுவதால் போட்ட இன்சுலின் வேகமாக உள்ளே போகும், சர்க்கரை சடாரென்று இறங்கலாம், அதுவும் மயக்கம்தான், ஆனால் வேறு மயக்கம். வலிக்கு, நெஞ்சுவலிக்கு என்று தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டைகளுக்கும் இதே கதை, சூட்டில் மருந்து அளவுக்கு மேல் இறங்கும்.

அதனால் இப்படிச் செய்தோம். அந்த ஒரு மாதத்துக்கு எங்களுக்கென்று தனி முறை எடுத்தேன். நாலு மணிக்கு டிபன், ஐந்தரைக்குச் சர்க்கரை பார்ப்பது, ஆறு மணிக்கு உள்ளே, இன்சுலின் சவுனா எல்லாம் முடிந்து வந்து சாப்பாட்டுக்கு முன்னால்தான். வெப்பத்தை 65-இல் நிறுத்தினேன். அப்பா வேட்டியோடுதான் வருவேன் என்றார், நனைந்து ஒட்டிக்கொள்ளும் என்றாலும் கேட்கவில்லை. கீழ் படியில் ஐந்து நிமிடம். ஒரே ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றினேன். "ஏம்ப்பா, நம்ம கொல்லையில வெந்நீர் அண்டா அடுப்புகிட்ட குந்திக்கிட்டிருக்கிற மாதிரில்ல இருக்கு, இதுக்காடா இவ்வளவு பணம்?" என்றார். இறங்கும்போது நேராக எழுந்து நிற்க விடவில்லை. உட்கார்ந்தபடியே காலை ஆட்டி, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, ஒரு நிமிடம் கழித்து என் தோளைப் பிடித்து எழுந்தார். வெளியே பெஞ்சில் பத்து நிமிடம், மோர், அப்புறம் வெதுவெதுப்பான ஷவர். குளிர்ந்த தண்ணீர் அவருக்குக் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டேன், சூட்டில் விரிந்த குழாய்கள் சட்டென்று சுருங்கினால் அழுத்தம் எகிறும்.

இதில் நான் கோட்டை விட்டது ஒன்றே ஒன்று, அதுவும் சவுனாவில் இல்லை. வீட்டில் கால் வலிக்கிறது என்று வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டிருந்தார், சூடு சரியா என்று கேட்டேன், சரியாக இருக்கிறது என்றார். நான் கையை விட்டால் சுரீர் என்றது. இருபது வருடச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. நல்லவேளை கொப்புளமாகவில்லை, சிவந்ததோடு போயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் வெந்நீர் எப்போதும் இன்னொருவர் கையாலோ, தங்கள் முழங்கையாலோ பார்த்துத்தான் காலை வைக்கவேண்டும். சவுனா பற்றி நான் எழுதுகிற எதையும்விட இது நம் ஊருக்கு அதிகம் வேண்டியது.

வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து கிடப்பது சவுனாவைவிட மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் குளிர்காலத்தில் வயதானவர்கள் தொட்டியில் மயங்கி மூழ்கி இறப்பது பெரிய பிரச்சினை. குளிர்ந்த அறையில் துணி அவிழ்த்து, சுடுநீரில் இறங்கி, அழுத்தம் ஏறி இறங்கி, கடைசியில் எழும்போது விழுவது. தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று அங்கே அரசாங்கமே சொல்கிறது. இத்தனைக்கும் தினமும் தொட்டிக் குளியல் எடுப்பவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய் அபாயம் 28 சதவீதம் குறைவு என்று கண்டதும் அதே ஜப்பானில், 30,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில்.

சாராயம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பழமொழியே உண்டு, சவுனாவும் சாராயமும் பைன் மரத் தாரும் குணப்படுத்தாத நோய் சாவில்தான் முடியும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்லாந்தில் சவுனாவில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் குடித்திருந்தார்கள். போதையில் இறங்கவேண்டிய நேரம் தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஹெய்னோலாவில் நடந்துவந்த உலக சவுனாப் போட்டியில் 2010-இல் 110 டிகிரியில் ஒருவர் இறந்தார், குடிக்காமலே, போட்டி என்பதால். அத்தோடு அந்தப் போட்டியே நின்றுவிட்டது. அதைப் படித்த அன்று மணல் கடிகாரம் ஞாபகம் வந்தது.

குழந்தைக்கு முயற்சி செய்கிற ஆண்கள் கேட்டால் கொஞ்சநாள் நிறுத்து என்றுதான் சொல்வேன். விந்தணு எண்ணிக்கை சூட்டில் குறைகிறது, இத்தாலியில் பத்துப் பேரை மூன்று மாதம் வாரம் இருமுறை போகவைத்துப் பார்த்தார்கள், குறைந்தது, நிறுத்திய ஆறு மாதத்தில் திரும்பியது. கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், மருத்துவரைக் கேட்காமல் போகவேண்டாம்.

பனி ஏரியில் ஓட்டை போட்டு முங்குவதையும் செய்திருக்கிறேன், இங்கே ஏரிக்கரையில் இருக்கிற ரௌஹநியெமியில், இரண்டு தடவை. மூச்சு தானாக வெடுக்கென்று உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, ஏணியை விடக் கூடாது. வெளியே வந்ததும் உலகமே தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை போகவில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவே.

புரட்டாசியில் மட்டும் இப்போது சவுனாவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன். பெரியவர் போன வருடம் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார், மணல் கடிகாரம் என் சமையலறையில் இருக்கிறது, முட்டைக்குக்கூட அது சரியில்லை, பதினைந்து நிமிடத்தில் மஞ்சள் கரு ரப்பராகிவிடும். அப்பா தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, சாப்பிட்டியா, கீழ்ப் படியா மேல் படியா என்று கேட்கிறார். மேல் படிதான், ஏழெட்டு நிமிடம். அவரிடம் நடுப்படி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.